திறப்பு விழாப் படம் போட்டாச்சு, மறுகா என்ன எழுதுறது?

கேள்வி: "அண்ணன், நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் திட்டமிடல் கிளையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். அலுவலகத்தின் பேஸ்புக் பக்கமும் வருட முடிவில் அடிக்கிற முன்னேற்றக் கையேடும் என் தலையில்தான். போன மாதம் 180 மீற்றர் கொங்கிறீட் வீதி ஒன்று திறந்ததைப் படங்களோடு போட்டேன். கீழே வந்த கொமென்ட் எல்லாம் 'கமிஷன் எவ்வளவு', 'எங்கட றோட்டு எப்ப', 'இந்தத் துண்டுக்கு இத்தனை மாலையா' என்றுதான். எங்கள் மேலதிகாரி மேடம் நல்ல விசயங்களைக் கூடுதலாக எழுதச் சொல்கிறா. வெளிநாட்டு நிதியில் நடந்த வேலைகளுக்கு ஆங்கிலத்தில் வேறு அறிக்கை கொடுக்க வேண்டும். செய்த வேலையின் பலனை மக்கள் நம்புகிற மாதிரி எப்படிச் சொல்வது? உள்ளதை உள்ளபடி எழுதினால் எனக்கு ஏதும் வில்லங்கம் வருமா?"

பதில்: தங்கச்சி, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய அந்தப் பதிவை வாசித்தேன். தலைமை தாங்கியவர், பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கூட வந்தவர்கள் என்று எல்லாரும் தங்கள் பட்டங்களோடு வந்து முடிந்த பிறகு ஐந்தாவது வரியில்தான் வீதி வருகிறது. அதுவும் பெயரோடு சரி. என்ன நிதி, எவ்வளவு தொகை, யார் செய்தார்கள், எப்போது தொடங்கியது, ஒன்றுமே இல்லை. படங்களும் கலியாண வீட்டு அல்பம் மாதிரித்தான், வந்த ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு குடும்பம் எப்படி நடக்கிறது என்பது அதில் இல்லை. இதைப் பார்க்கிற மனுசன் கமிஷன் எவ்வளவு என்று கேட்காமல் வேறு என்ன கேட்பான்? நீங்கள் தொகையைச் சொல்லாதபடியால் அவனே ஒரு தொகையை வைத்துக்கொள்கிறான்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, பலனைப் பற்றிப் பெரிதாக எழுதுவதற்கு முன்னம், கணக்கை முழுதாகச் சொல்வது. நீங்கள் அனுப்பிய கோப்பு விபரத்தை வைத்தே நான் அந்தப் பதிவைத் திருப்பி எழுதிப் பார்த்தேன்:

"பாடசாலை வீதியில் 180 மீற்றர் நீளத்துக்கு, 3 மீற்றர் அகலத்தில் கொங்கிறீட் போட்டு முடிந்திருக்கிறது. நிதி பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் வந்தது, திறைசேரிப் பணம். மதிப்பீடு 46 இலட்சம் ரூபா. அளந்து பார்த்ததில் செய்த வேலையின் பெறுமதி 44 இலட்சம். அதில் 5 வீதத்தைப் பிடித்து வைத்து, வேலையைச் செய்த கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு 41 இலட்சத்து 80 ஆயிரம் கொடுபட்டிருக்கிறது. பிடித்த காசு, பழுது திருத்தும் காலம் முடிந்த பிறகு விடுவிக்கப்படும். ஆவணியில் தொடங்கியது, கார்த்திகையில் முடிந்தது, மழையால் இரண்டு கிழமை பிந்தியது. ஊர் கேட்டது 310 மீற்றர், வந்த காசு 180க்குத்தான் காணுமாக இருந்தது. மிச்சம் 130 மீற்றரும் அடுத்த வருட முன்மொழிவில் இருக்கிறது, இன்னும் அனுமதி வரவில்லை. வடிகான் இந்த மதிப்பீட்டில் இல்லை."

இவ்வளவுதான். இதில் பொசிட்டிவ்வும் இல்லை, நெகட்டிவ்வும் இல்லை. கடைசி இரண்டு மூன்று வரிகளைப் பார்த்து மேடம் கொஞ்சம் யோசிப்பா, 'செய்யாததை ஏன் நாங்களே சொல்ல வேணும்' என்று கேட்பா. அந்த வரிகள்தான் மேலே உள்ள தொகைகளை நம்ப வைக்கிறவை என்று சொல்லுங்கள். வடிகான் இல்லை என்பதை ஊரில் நடந்து போகிற எல்லாரும் பார்க்கிறார்கள், பதிவில் மட்டும் அதை ஒளித்தால் மற்றதெல்லாம் பொய் என்றுதான் எடுப்பார்கள். 'எங்கட றோட்டு எப்ப' என்று கேட்டவருக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

திறைசேரிப் பணம் என்று நான் வேண்டுமென்றேதான் போட்டேன். பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு என்ற ஏற்பாடு 1974 இல் வந்தது, இன்றைக்கும் அதைப் பாராளுமன்ற உறுப்பினர் தன் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுக்கிற காசு என்று நினைக்கிற சனம் இருக்கிறது. அவர் முன்மொழிகிறார், அது உண்மை, அதை ஒரு வரியில் சொல்லுங்கள், மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் காசு யாருடையது என்பது தலைப்புக்குக் கிட்டவாவது வர வேண்டும். சோப்பு வாங்கும்போது வற் வரி கட்டுகிற பொம்பிளைதான் அந்த வீதிக்கும் கட்டியிருக்கிறா.

இப்போது பலன் பற்றி. அலுவலகத்தில் உங்களிடம் கேட்பது இரண்டு எண்கள்தான்: பௌதிக முன்னேற்றம், அதாவது வேலை எத்தனை வீதம் முடிந்தது, நிதி முன்னேற்றம், அதாவது காசு எத்தனை வீதம் செலவானது. மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இந்த இரண்டையும் வைத்துத்தான் ஏச்சும் பாராட்டும். மார்கழி 31 வந்தால் இரண்டும் நூறுக்குக் கிட்ட வந்து நிற்க வேண்டும், அதற்காகவே ஐப்பசி கார்த்திகையில் ஓட்டம். எங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மற்ற இடங்களில் வருடம் முடிவது வெயிலிலோ தூறலிலோ இருக்கலாம், எங்களுக்கு அது நடு மாரி. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் எழுதி முடிய வேலை தொடங்குகிற நேரத்தில் வடகீழ்ப் பருவமழையும் வந்துவிடும். அந்த மழைக்குள் அவசரமாகப் போட்ட கொங்கிறீட்டை, அந்த மழைக்குள்ளேயே அளந்து, நூறு வீதம் என்று எழுதி மூடிவிடுகிறோம். அது நின்றதா என்று தெரிய வருவது அடுத்த மாரியில். அந்த நேரம் நாங்கள் வேறு வீதியின் படத்தைப் போட்டுக்கொண்டிருப்போம்.

ஆகவே இந்த ஒரு விசயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் விட்டாலும் பரவாயில்லை: பலனைப் பற்றி எழுதுகிற நாள் திறப்பு விழா நாளாக இருக்கக் கூடாது. ஒரு மாரி கழிய வேண்டும். உங்கள் கையேட்டில் பாதியை இந்த வருட வேலைக்குக் கொடுங்கள், மறு பாதியைப் போன வருடம் முடிந்த வேலைகள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்பதற்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் போய்ப் பார்க்க ஏலாது, ஆளும் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெயும் இல்லை, எனக்குத் தெரியும். சின்னதும் பெரிதுமாகக் கலந்து ஒரு கொஞ்சத்தை எடுங்கள், ஆனால் நல்லா வந்தவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கி எடுங்கள், எப்படி எடுத்தீர்கள் என்பதையும் கையேட்டில் ஒரு வரியில் எழுதுங்கள்.

போய் என்ன பார்ப்பது? வீதி என்றால், நல்ல மழை பெய்த அடுத்த நாள் காலை பள்ளிக்கூட நேரத்தில் அந்த முடக்கில் நில்லுங்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்களா, காலில் போட்டு வருகிறார்களா. பால் சேர்க்கிற ஆள் வீட்டு வாசல் வரை வருகிறாரா, இல்லை இன்னும் சந்தியில் நின்று கோர்ன் அடிக்கிறாரா. பெரும்போக வெட்டு நேரம் நெல் ஏற்றின உழவு மெசின் உள்ளே வருகிறதா, அப்படி வந்தால் கொங்கிறீட் விளிம்பு உடைகிறதா. வீதி உயர்ந்தபடியால் பக்கத்து வளவுக்குள் தண்ணி நிற்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்பதே இல்லை. அப்படி ஒரு வளவுக்குள் நான் கணுக்கால் தண்ணியில் நின்றிருக்கிறேன், வீட்டுக்கார அம்மா என்னைத் திட்டவில்லை, "றோட்டு நல்லம் மகன், எங்கட வீட்டுக்குத்தான் மறுகா றோட்டில்லை" என்றா. உங்கள் கையேட்டில் போட இதைவிட நல்ல வசனம் கிடைக்காது, அவவின் பெயரைப் போடாமல்.

குழாய் நீர்த் திட்டம் என்றால் எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆவணி, புரட்டாதி வெயிலில் அந்தக் குழாயில் எந்த நேரம் தண்ணி வருகிறது, இன்னும் தண்ணி கொண்டுவருகிற பவுசரை எதிர்பார்த்துக் கலன்களை வாசலில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே மாரியில் போய் ஒன்றும் தெரியாது, வீதிக்கு நேர் எதிர்.

மண்முனைப் பாலத்தை எடுங்கள். 2014 இல் ஜப்பான் உதவியில் திறந்தது. பாலம் எத்தனை மீற்றர் என்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. முந்தி ஆற்றைக் கடக்கப் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு, காத்து நின்ற கதையைக் கேளுங்கள், இரவில் வருத்தக்காரரைக் கொண்டு போன கதையைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள். பலன் அங்கேதான் கிடக்கிறது.

இதற்கு மறுபக்கம் அம்பாறையில் இருக்கிறது. ஒலுவில் துறைமுகத்தை டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்தார்கள். அன்றைய அறிக்கையில் அலைதடுப்பு, இறங்குதுறை, கட்டடம் எல்லாம் கட்டி முடிந்தது சரியாகவே இருந்திருக்கும். பிறகு துறைமுக வாயை மண் மூடியது, வள்ளங்கள் போய்வர முடியாமல் போனது, ஒலுவில் நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. வர்த்தகக் கப்பல் என்று எதிர்பார்த்தது நடக்கவே இல்லை. அங்கே ஒரு மீனவரிடம் போய்ப் பௌதிக முன்னேற்றம் நூறு வீதம் என்று சொல்லிப் பாருங்கள். 180 மீற்றர் வீதிக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பே இல்லைதான், ஆனால் கட்டி முடித்த நாளோடு கணக்கை மூடிவிடும் பழக்கம் இரண்டிலும் ஒன்று.

வெளிநாட்டு நிதி விசயத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடி போட்ட பலகைகளை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பார்த்திருப்பீர்கள், 6 கோடி யூரோவில் ஏழு மாவட்டங்களில் நடந்த மாவட்ட அபிவிருத்தி ஆதரவுத் திட்டத்தில் இந்த இரண்டும் இருந்தன. அவர்களுக்கும் தங்கள் ஊரில் இதே தலையிடிதான். தங்கள் பின்தங்கிய பிரதேசங்களுக்குக் கொட்டுகிற காசை மக்கள் காண்கிறதே இல்லை என்று விதிக்கு மேல் விதி போட்டிருக்கிறார்கள். 2021 முதல் 2027 வரையான காலத்துக்குரிய விதிப்படி, யாருக்கு எவ்வளவு, எதற்கு, எங்கே என்ற பட்டியலை நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பித்து இணையத்தில் போட வேண்டும். அவர்களின் பிரதேச அபிவிருத்தி நிதியில் 5 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வேலை என்றால் நிலைத்து நிற்கும் பலகை, சின்ன வேலைக்கு ஏ3 அளவில் ஒரு போஸ்டராவது. செய்யவில்லை, சொல்லியும் திருத்தவில்லை என்றால் உதவியில் 3 வீதம் வரை வெட்டலாம். 2022 இல் கொஹேசியோ என்று ஒரு தளமும் திறந்தார்கள், 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளை வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம்.

எனக்குப் பலகையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரம் முழுக்கப் பலகைதானே நட்டார்கள், சில இடத்தில் வீட்டைவிடப் பலகை உறுதியாக நின்றது. அந்தப் பட்டியல்தான் விசயம். உங்கள் பிரிவில் ஒரு வருடத்தில் நடக்கிற வேலைகள் எல்லாவற்றையும், எந்த நிதி என்று பாராமல், ஒரே எக்ஸெல் தாளில் போட்டு, கிராம சேவகர் பிரிவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகச் சுவரிலும் அந்தப் பிரிவுக்குரிய தாளை ஒட்டுங்கள். பேஸ்புக் இல்லாத கிழவரும் வாசிப்பார், வாசிக்கத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும். நிதி கொடுத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்புகிற அறிக்கையின் சாரத்தையும் இரண்டு பக்கத்தில் தமிழில் அதே சுவரில் போடுங்கள். எங்களைப் பற்றி எழுதின அறிக்கையை நாங்கள் மட்டும் வாசிக்காமல் இருப்பது என்ன நியாயம்? இது புதிய யோசனையும் இல்லை. வடக்கு கிழக்கில் உள்ளூராட்சிச் சேவைகளை மேம்படுத்த 2010 இல் தொடங்கிய நெல்சிப் திட்டத்தில் ஊர்க்காரரை வைத்தே சமூகக் கணக்காய்வுக் குழு அமைத்தார்கள். அந்த அனுபவம் உள்ள ஆட்கள் உங்கள் பிரதேச சபைப் பக்கம் இன்னும் இருப்பார்கள், தேடிக் கதையுங்கள்.

வில்லங்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது நியாயமான பயம். அரச உத்தியோகத்தருக்குரிய விதித் தொகுப்பான தாபனக் கோவையின் 47 ஆம் அத்தியாயம் அலுவலகத் தகவலை உத்தியோகத்தர் தன் எண்ணப்படி வெளியே விடுவதைத் தடுக்கிறது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. அதன் 9 ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்து மேடத்தின் மேசையில் வையுங்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலை, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வேலை என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னமே மக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும், அது விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை. எழுத்தில் கேட்டால் வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் கொடுக்க வேண்டும். உங்கள் 46 இலட்ச வீதி இதற்குள் வருகிறது. அதாவது நான் எழுதிக் காட்டிய பதிவில் உள்ளதெல்லாம், நாளைக்கு யாராவது ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் எப்படியும் கொடுக்க வேண்டிய தகவல். கேட்கும் முன்னம் நாங்களே போட்டால் தகவல் அலுவலருக்கும் வேலை குறைவு, அவர் பெரும்பாலும் உங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். அந்தச் சட்டத்தின் கீழ் கேட்டால் கொடுக்கக் கூடிய தகவலை வெளியிட்டதற்காக ஊழியரைத் தண்டிக்க ஏலாது என்று 40 ஆம் பிரிவு சொல்கிறது. அதை மட்டும் நம்பித் தனியாக இறங்க வேண்டாம். மாதிரிப் பதிவு ஒன்றைத் தயாரித்து, இனி எல்லா வேலைக்கும் இந்த அமைப்பில் போடலாமா என்று கேட்டு, மேடத்திடம் எழுத்தில் ஒருமுறை அனுமதி எடுத்துக் கோப்பில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அனுமதி என்று போனால் வருடத்துக்கு நாலு பதிவுதான் வரும்.

ஒன்றில் மட்டும் மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும். வாழ்வாதார உதவி கொடுக்கும்போது ஆடு பிடித்துக்கொண்டு நிற்கிற விதவைப் பெண்ணின் முகத்தையும், அடையாள அட்டை இலக்கத்தோடு பயனாளிகள் பட்டியலையும் பேஸ்புக்கில் போடுகிற பழக்கம் எங்கள் அலுவலகங்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே வந்துவிட்டது, சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்கிற வேலை இல்லை. எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், எந்த அடிப்படையில் தெரிவு, தெரிவு பிழை என்றால் எங்கே முறையிடுவது, இது போதும். வருடம் கழித்துப் போய் ஆடு இருக்கிறதா, விற்றாச்சா என்று பாருங்கள். விற்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு விற்றிருந்தால் அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வராது, உள்ளபடி எழுதுங்கள், வாசிக்கிறவர் தீர்மானிக்கட்டும்.

கடைசியாகக் கொமென்ட். அழிக்காதீர்கள், தூசணமும் ஆட்களின் தனிப்பட்ட விபரமும் தவிர. கமிஷன் எவ்வளவு என்று கேட்டவருக்குக் கோபப்படாமல், மதிப்பீடு இவ்வளவு, அளந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, அளவுப் பத்திரத்தைப் பார்க்க விரும்பினால் பொதுமக்கள் தினத்தில் திட்டமிடல் கிளைக்கு வாருங்கள் என்று போடுங்கள். நூறு பேரில் ஒருவர் வருவார், வந்தால் கதிரை கொடுத்துக் காட்டுங்கள், அவர்தான் பிறகு உங்களுக்காக மற்றக் கொமென்ட்டுகளுக்குப் பதில் எழுதுவார். பதில்களை அலுவலகப் பெயரில், அலுவலக நேரத்தில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் இருந்து போனில் எழுதுகிற வேலை வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்து போய்விட்டால் பிறகு 47 ஆம் அத்தியாயம்தான்.